வானில் ஓர் ஆசியா: நுங்கம்பாக்கத்துப் போக்சனின் வாழ்வு

வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் வாசிக்கும்போது, ஆண்டுதோறும் 'ஆசியா' என்னும் பெயர் ஒன்றிரண்டு வந்துவிடும். ஃபிர்அவ்னின் கொடுங்கோன்மைக்கு நடுவே இறைநம்பிக்கை தளராது நின்ற அவன் மனைவியாரின் திருப்பெயரை மகளுக்கு இடுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். நிலநூலில் வரும் கண்டத்தின் பெயரும் ஒலியளவில் அதுவே ஆதலின், அப்பெயருடைய மாணவியரைத் தோழியர் கேலி செய்து மகிழ்வதும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்று: உங்கள் பெயர் மண்ணில் மட்டுமன்று, விண்ணிலும் இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பாறைக்கோள் ஒன்று, கதிரவனைச் சுற்றிவர மூன்றே முக்கால் ஆண்டு எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வரிசை எண் 67. அதன் பெயர் ஆசியா.

அது கண்டறியப்பட்ட இடம் இலண்டன் அன்று, பாரிசும் அன்று. நம் சென்னையின் நுங்கம்பாக்கம். நாள் 1861 ஏப்ரல் 17. கண்டவர் நார்மன் இராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர். ஆசியக் கண்டத்து மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே என்பது பற்றியே அப்பெயர் அதற்கு இடப்பட்டது. சென்னையில் முப்பது ஆண்டு வானத்தைக் காத்துக் கிடந்து, சென்னையிலேயே கண்மூடிய அம்மனிதரின் வாழ்க்கையை நம் மாணவர் அறிந்துகொள்ளல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரை எழுந்தது. தமிழ்த்துறை மலரில் வானியலுக்கு என்ன இடம் என்று வினவுவார்க்கு, நாள்மீன் வேறு, கோள்மீன் வேறு என்று பிரித்தறிந்து பெயரிட்டவர் நம் சங்கப் புலவர் என்பதை நினைவூட்டி மேற்செல்கிறோம்.

பெயரைப் பற்றியே இன்னும் ஒரு சொல். மேலைநாட்டார் இவ்வகைக் கோள்களுக்கு முதலில் வழங்கிய பெயர், மீன்போல் தோன்றுவது என்னும் பொருளது. தொலைநோக்கியில் வட்டமாகத் தெரியாமல் மீனைப்போல் வெறும் புள்ளியாகத் தெரிந்தமையால் அப்பெயர் வந்தது. தோற்றத்தால் வந்த பெயராயினும் உண்மைக்குப் புறம்பான பெயர் அது. ஏனெனில் இவை மீன்கள் அல்ல. தமிழில் நாம் வழங்கும் 'சிறுகோள்' என்னும் சொல் அவ்வகையில் அதனினும் சிறந்தது என்பது நம் கருத்து.

1801 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் துறவி சீரிசு என்னும் முதற்கோளைக் கண்டார். அடுத்த ஆறு ஆண்டுகளில் மேலும் மூன்று கிடைத்தன. பின்னர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. 1845 இல் ஐந்தாவது கிடைத்ததும், ஐரோப்பாவெங்கும் சிறுகோள் வேட்டை தொடங்கிற்று. நம் போக்சன் இளைஞராக வானியலுக்குள் நுழைந்த காலம் இவ்வேட்டை மும்முரமாயிருந்த காலம்.

அவர் 1829 மார்ச் 23 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தையார் காலுறை நெய்விக்கும் தொழில் நடத்திய வணிகர். மகனும் வணிகத்தையே தொடர வேண்டும் என எண்ணியவர். மகனோ கணக்கிலும் அறிவியலிலும் மனத்தைப் பறிகொடுத்தார். தாயார் மகன் பக்கம் நின்றார். பதினெட்டு வயதிலேயே இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டு முடித்தார் எனின், அவர் கல்வியின் போக்கு விளங்கும். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. இஃது ஒரு சிறு செய்தி போலத் தோன்றினாலும், பின்னாளில் பெருந்தலைவர்களோடு அவர் பட்ட பாட்டை எண்ணுங்கால் சிறு செய்தியன்று.

1851 இல் இலண்டனில் பிஷப் என்னும் செல்வரின் தனியார் வானாய்வகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஆக்சுபோர்டில் இராட்கிளிஃப் வானாய்வகத்தின் உதவியாளரானார். அங்குதான் 1856 மே 23 அன்று தம் முதற் சிறுகோளைக் கண்டார். அதற்குப் பெயரிடும் உரிமையை ஆய்வகத்தின் தலைவர் மானுவேல் ஜான்சனுக்கு அளித்தார். ஜான்சன் இட்ட பெயர் 'ஐசிசு'. அது பழைய எகிப்தியர் தெய்வத்தின் பெயர். ஆக்சுபோர்டு வழியே ஓடும் தேம்சு ஆற்றுக்கும் அவ்விடத்தில் அதுவே பெயர். அனைத்திற்கும் மேலாக, போக்சனின் சிறு மகள் எலிசபெத் ஐசிசின் பெயரும் அதுவே. நான்கு வயதும் நிரம்பாத குழந்தையின் பெயர் வானில் ஏறிற்று. அக்கண்டுபிடிப்பிற்காகப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் லாலாந்து பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே அரியாட்னி, எசுடியா என மேலும் இரண்டு கோள்களைக் கண்டார். எசுடியாவுக்குப் பெயரிடும் பேற்றைத் தம் நலம் நாடிய கடற்படைத் தலைவர் சுமித்துக்கு வழங்கினார். கண்டவர் ஒருவர், பெயரிடுபவர் வேறொருவர் என்னும் இவ்வழக்கம், பிள்ளைக்குப் பெயர் சூட்டக் குடும்பத்துப் பெரியவரை அழைக்கும் நம்மூர் வழக்கத்தை ஒத்திருக்கிறது.

போக்சனின் பெயர் உலகெங்கும் நிலைத்திருப்பது கோள்களால் அன்று, ஓர் எண்ணால். அவ்வெண் 2.512. இதனைச் சற்று விளக்குதல் நம் கடமை.

பண்டைக் கிரேக்கர் விண்மீன்களை ஒளியளவால் ஆறு படிகளாகப் பிரித்தனர். மிக ஒளியுள்ளவை முதற்படி. வெற்றுக் கண்ணுக்கு அரிதில் தெரிவன ஆறாம் படி. தாலமியின் நூல்வழி வந்த இப்பகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், ஒவ்வொரு மீனையும் தாமே நோக்கி ஒளிப்படியைத் திருத்தி எழுதியவர் பத்தாம் நூற்றாண்டின் பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ஆவார். நிலைமீன்களைப் பற்றிய அவர்தம் அரபு நூல் கி.பி. 964 அளவில் எழுந்தது. எனினும் அஸ்ஸூஃபிக்குப் பின்னும் அளவுகோல் கண்தான். ஒருவர் கண்ணுக்கு மூன்றாம் படி, மற்றவர் கண்ணுக்கு நான்காம் படி. தொலைநோக்கி வந்து, கண்ணுக்குத் தெரியாத மீன்கள் ஆயிரக்கணக்கில் புலப்பட்டபோது குழப்பம் மிகுந்தது. ஒருவர் பத்தாம் படி என்றதை இன்னொருவர் பன்னிரண்டாம் படி என்றார்.

1857 ஆம் ஆண்டில் சிறுகோள்கள் மாதந்தோறும் எவ்வளவு ஒளியோடு தோன்றும் என்னும் பட்டியலைப் போக்சன் 1856 இல் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி எத்தனை மடங்கு மாறுகிறது என்று உறுதி செய்யாமல் அப்பட்டியல் நிரம்பாது. ஆறாம் படி மீனைவிட முதற்படி மீன் ஏறக்குறைய நூறு மடங்கு ஒளி மிக்கது என்பது முன்பே உணரப்பட்டிருந்தது. ஐந்து படிக்கு நூறு மடங்கு எனின், ஒரு படிக்கு நூற்றின் ஐந்தாம் மூலம், அஃதாவது 2.512 மடங்கு என அவர் முடிவுகட்டினார். அதன் மடக்கை எண் 0.4 ஆக அமைவதால் கணக்கும் எளிதாயிற்று. கோள்களின் பட்டியலுக்காக வழியில் செய்துகொண்ட ஏற்பாடு, பின்னர் உலக வானியலின் பொது அளவாயிற்று. இன்றும் விண்மீனின் ஒளிப்படியைக் குறிப்பவர் எவரும் போக்சனின் அளவினாலேயே குறிக்கின்றனர், அவர் பெயரை அறியாதவர் உட்பட.

இதன்பின் சிறிது காலம் ஆர்ட்வெல் என்னும் ஊரில் டாக்டர் ஜான் லீ என்பவரின் வானாய்வகத்தை நடத்தினார். 1860 இல் சென்னை அரசின் வானியலாளராக நியமனம் பெற்று, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தார்.

சென்னை வானாய்வகம் அதற்குள் நெடிய வரலாறு உடையதாகிவிட்டது. 1786 இல் வில்லியம் பெற்றி என்னும் கும்பினி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கியது அது. 1792 இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. அக்கட்டடத்தின் நடுவே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு நிலைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் அரபு வழிவந்த எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னைக்குச் செல்லும் நம் மாணவர் அத்தூணைச் சென்று காணல் வேண்டும். அவ்வாய்வகத்தின் கடிகாரமே பின்னாளில் நாட்டின் இருப்புப்பாதைகளுக்கு நேரம் சொல்லிற்று. 1875 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை திறந்து, நம் சமயநல்லூர் வழியே புகைவண்டி ஓடத் தொடங்கிய காலத்தில், அந்நாளைய வண்டிகளின் கால அட்டவணை போக்சனின் பொறுப்பிலிருந்த நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தைச் சார்ந்தே அமைந்தது. கிரீனிச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முந்திய அந்தச் சென்னை நேரம், 1906 இல் இந்தியப் பொதுநேரம் வந்தபோது வழக்கிழக்கத் தொடங்கிற்று.

வந்து சேர்ந்த மூன்றே திங்களில் ஆசியா கிடைத்துவிட்டது. அக்காலத்தில் சிறுகோளைத் தேடுதல் எத்தகைய தொழில் என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே கடினம். ஒளிப்படம் இன்னும் அத்துறைக்கு வரவில்லை. தேடுபவர் வானத்தின் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அதிலுள்ள மீன்கள் அனைத்தையும் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருப்பார். பின்னர் இரவுதோறும் தொலைநோக்கியில் கண் வைத்து, மங்கிய விளக்கொளியில் வரைபடத்தைப் பார்த்து, மீண்டும் வானத்தைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிடுவார். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருந்தால் நெஞ்சு துடிக்கும். அது முன்பு விடுபட்ட மீனாக இருக்கலாம். ஒளி ஏறியிறங்கும் மாறொளி மீனாக இருக்கலாம். முன்பே பிறர் கண்ட கோளாகவும் இருக்கலாம். சில மணி நேரமோ, மறுநாள் இரவோ காத்திருந்து, அப்புள்ளி அண்டை மீன்களினின்று நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் அது கோள். நகரும் வேகத்தைக்கொண்டு பாதையைக் கணித்து, பழைய கோள்கள் எவற்றோடும் பொருந்தாதென்று காட்டிய பின்னரே அது புதியது என ஏற்கப்படும். நூறு இரவுகள் தேடி ஒன்றும் கிடையாமற் போனவர் பலர். தூக்கமும் கண்ணும் கொடுத்து வாங்கும் பொருள் அது.

சித்திரை மாதத்துச் சென்னையின் புழுக்கத்தில் இவ்வேலையைச் செய்தார் போக்சன். அவர் கையிலிருந்தது பாரிசு நகரத்து லெரெபூர், செக்ரெத்தான் பட்டறையில் செய்து 1850 இல் சென்னைக்கு வந்த ஆறங்குலத் தொலைநோக்கி. இதைவிடப் பெரிய எட்டங்குலக் குக் தொலைநோக்கி பின்னரே அவருக்குக் கிடைத்தது.

பெயருக்கு வருவோம். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரித்த முறையை வகுப்பில் நடத்தும்போது, சிறுகோள்களின் பெயரை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பார்த்ததுண்டு. அதுவரை வந்த கோள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிரேக்க, உரோமானியத் தேவியரின் பெயரே இடப்பட்டது. உயிரோடிருந்த அரசியின் பெயர் என்று கருதப்பட்ட விக்டோரியா என்னும் பெயரை ஒரு கோளுக்கு இட்டபோது, அமெரிக்க வானியலார் சிலர் அதனை ஏற்க மறுத்துப் பெரும் பூசல் விளைந்தது. கிரேக்கக் கதையில் ஆசியா என்னும் நீரணங்கு ஒருத்தி இருக்கிறாள் என்பது உண்மையே. ஆயினும் போக்சன் கருதியது கண்டத்தையே. கண்ட இடத்தின் பெயர் கண்ட பொருளுக்கு ஆகிவந்தமையால் நம் இலக்கணப்படி இதனை இடவாகுபெயர் எனலாம். காரணமும் உண்டு, பெருமையும் உண்டு. இவ்வளவு பெரிய கண்டத்தின் பெயர் அவ்வளவு சிறிய பாறைக்குப் போயிற்றே என்று மாணவர் ஒருவர் வருந்தினார். இருக்கட்டும், அதுவரை அறுபத்தாறு கோள்களில் ஒன்றுகூட இக்கண்டத்தின் பங்காக வரவில்லை.

அடுத்தடுத்துச் சென்னையிலிருந்து 1864 இல் சாஃபோ, 1866 இல் சில்வியா, 1868 இல் கமில்லா, நெடுங்காலம் கழிந்து 1885 இல் வீரா ஆகிய கோள்களைக் கண்டார். இங்கிலாந்தில் மூன்று, சென்னையில் ஐந்து, ஆக எட்டு. சாஃபோ என்பவள் பழங்கிரேக்கப் பெண்பாற் புலவர். ஔவையின் பெயரை ஒரு கோளுக்கு இட்டாற்போல என்று கொள்க. சில்வியாவின் கதை வேறு. அது போக்சன் கண்டவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2001 இல் அதற்கு ஒரு துணைக்கோள் உண்டென அறிந்தனர். 2005 இல் இரண்டாவதும் உண்டென அறிவித்தனர். உரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையரின் தாய் இரேயா சில்வியா ஆதலின், அவ்விரண்டிற்கும் உரோமுலசு, இரீமசு என்று பெயரிட்டனர். இரு நிலவுகள் உடையதென அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. நுங்கம்பாக்கத்திலிருந்து வெறும் புள்ளியாகக் கண்டவர்க்கு அந்நிலவுகள் தெரிந்திருக்க வழியில்லை.

இவ்வாய்வகத்தில் போக்சன் தனியாக இருந்தாரல்லர். முதல் உதவியாளராகச் சிந்தாமணி இரகுநாதாச்சாரி இருந்தார். முத்துசாமிப் பிள்ளை முதலியோரும் இருந்தனர். இரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே ஆய்வகத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1867 இல் தென்வானத்தின் வலை என்னும் மீன் கூட்டத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டார். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் என்னும் சிறப்பை அடைந்தார். 1874 திசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறுநூல் உருது உள்ளிட்ட மொழிகளில் வெளிவந்தது. அறிவியலை மக்கள் மொழியில் தருதல் வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதனை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பஞ்சாங்கக் குடும்பத்தார் உருது வாசிப்போரையும் நினைந்து செய்து முடித்திருக்கிறார். அவர் 1880 இல் மறைந்தார்.

1868 ஆகஸ்டு 18 அன்று தென்னிந்தியாவின் குறுக்கே முழுச் சூரியகிரகணம் நேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் அறிஞர் வந்தனர். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். கதிரவன் மறைந்தபோது அதன் விளிம்பில் எழுந்த செந்தழலின் நிறமாலையில் ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சட்கோடு ஒன்று சோடியத்தின் இடத்திலேயே இருக்கிறதா, அதற்கு அருகில் இருக்கிறதா என்னும் ஐயத்தைப் போக்சன் தம் அறிக்கையில் குறித்தார். அவ்வையம் உண்மையான ஐயம். அக்கோடு சோடியத்தினது அன்று. ஈலியம் என்னும் புதிய தனிமத்தினது என்பது பின்னரே தெளிந்தது. மண்ணுலகில் ஈலியம் பிடிபட்டது 1895 இல். ஆனால் போக்சனின் அறிக்கை சென்னையில் அச்சாகிச் சென்னை அலுவலகங்களிலேயே தங்கிவிட்டது. ஈலியத்தின் வரலாற்றில் ஜான்சனின் பெயரும் இலாக்கியரின் பெயரும் முழங்க, இவர் பெயரோ அடிக்குறிப்பாயிற்று. 1871 திசம்பர் கிரகணத்தின்போது அவர் கொங்கு நாட்டு அவிநாசியில் கருவிகளோடு முகாமிட்டிருந்தார்.

இவர் வாழ்க்கையில் நம்மை மிகவும் ஈர்ப்பது 1872 ஆம் ஆண்டுச் செய்தி. பீலா என்னும் வால்மீன் 1846 இல் எல்லோரும் காண இரண்டாகப் பிளந்தது. 1852 இல் இரண்டும் ஒருமுறை வந்தன. பின்னர்க் காணாமற் போயின. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. அவை பீலாவின் உதிரிகள்; ஆகவே பீலாவே புவியை உரசிக்கொண்டு தென்வானம் நோக்கிச் சென்றிருக்க வேண்டும் எனச் செருமனியின் கோட்டிங்கன் நகரத்துக் கிளிங்கர்ஃபியூசு கருதினார். தென்வானத்தை நோக்கவல்ல சென்னையை அவர் நினைத்தார். நவம்பர் 30 அன்று போக்சனுக்குத் தந்தி பறந்தது: இன்ன மீனுக்கருகே தேடுக என்று.

கார்த்திகை மாதம், சென்னையில் அடைமழைக் காலம். போக்சன் மேகம் விலகக் காத்திருந்தார். திசம்பர் தொடக்கத்தில் விடியற்பொழுதில் வானம் சற்றே திறந்தது. சொன்ன இடத்திற்கு அருகிலேயே ஒரு வால்மீன் இருந்தது! மறுநாள் விடியலிலும் அதனைக் கண்டார், வால்கூடத் தெரிந்தது. அதன்பின் மேகம் மூடிக்கொண்டது, மழை தொடர்ந்தது. மேகம் விலகியபோது வால்மீன் இல்லை. பாதையைக் கணிக்க மூன்று நாள் நோக்கங்கள் வேண்டும், இரண்டு போதா. அவரிடம் இருந்தவையோ இரண்டே. அது பீலா அன்று, தற்செயலாய் அங்கு வந்த வேறொன்று எனப் பிற்காலக் கணக்குகள் காட்டின. உலகில் போக்சனைத் தவிர வேறெவரும் அதனைக் கண்டிலர். அதற்குப் பின்னும் எவரும் கண்டிலர். ஒரே ஒரு நாள் வானம் தெளிந்திருந்தால் அஃது எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பது தெரிந்திருக்கும். நம் ஐப்பசி கார்த்திகை மழையை நாம் ஒருபோதும் குறை சொன்னதில்லை. இந்த ஒரு செய்தியைப் படித்தபோது மட்டும் சொல்லத் தோன்றிற்று.

1878 இல் அரசு அவருக்கு இந்தியப் பேரரசின் விருதுகளுள் ஒன்றை அளித்தது. வெளித்தோற்றத்தில் அது உயர்வு. உள்ளே நிலைமை வேறு. இலண்டனில் இருந்த வானியற் பெருந்தலைவர்கள் சென்னை ஆய்வகத்தைத் தங்கள் கிளையாக எண்ணினர். இவர் அவ்வாறு எண்ணவில்லை. ஆண்டுதோறும் மீன்களின் நிலைகளை ஆயிரக்கணக்கில் அளந்து குவித்தார். ஆனால் அவற்றைக் கணக்கிட்டு அச்சேற்றுதல் பின்தங்கிக்கொண்டே போயிற்று. ஆட்கள் போதாமை ஒரு காரணம். இன்னும் செம்மை, இன்னும் செம்மை என்று தாமே காலம் நீட்டியது மற்றொரு காரணம். இதில் பழி முழுவதையும் இலண்டன் மீது சுமத்த நாம் விரும்பவில்லை. ஆய்வு ஏட்டை அணியப்படுத்தி அணியப்படுத்தி அச்சுக்கு அனுப்பாமலே வைத்திருக்கும் ஆசிரியரை நாமும் அறிவோம், கண்ணாடியிலும் பார்த்திருக்கிறோம். கண்டதைக் காலத்தில் வெளியிடாதவன் காணாதவனோடு ஒப்ப எண்ணப்படுவான் என்பது அவர் வாழ்வில் இருமுறையன்று, பலமுறை மெய்யாயிற்று. அவர் எஞ்சவிட்ட நோக்கங்களைத் தொகுத்து வெளியிடும் பணி, அவருக்குப் பின் வந்த மிக்கி சுமித்தின் தலையில் விழுந்தது.

மகள் ஐசிசுக்கு வருவோம். முதல் மனைவியார் 1869 இல் மறைந்தபின் பெரிய குடும்பத்தின் சுமை வளர்ந்துவந்த அம்மகளையும் சார்ந்தது. 1873 இல் தந்தையாரின் உதவியாளராக ஆய்வகப் பணியில் அமர்ந்தார். இருபத்தைந்து ஆண்டு இரவும் பகலும் கணக்கிட்டார், நோக்கினார். 1881 முதல் சென்னை அரசின் வானிலைச் செய்திப் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1886 இல் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராக அவரை ஏற்கத் தந்தையார் முன்மொழிந்தார். பெண்களைச் சேர்க்கக் கழகத்தின் சாசனம் இடந்தரவில்லை எனச் சட்டமறிந்தோர் உரைத்தமையால் அவ்விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. பெயர் வானில் முப்பது ஆண்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கு அவையில் இடமில்லை. நம் கல்லூரிப் பெண்கள் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தபின், கதிரவனின் நிலைக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய அரசு விழைந்தது. கடற்கரை வானம் அதற்குப் பொருந்தாது. மலைமேல் ஆய்வகம் வேண்டும், பெரிய தொலைநோக்கி வேண்டும் எனப் போக்சன் 1882 இல் வேண்டினார். பழனி மலையும் நீலகிரியும் ஆராயப்பட்டன. ஆனால் முடிவு வர நாளாயிற்று. 1891 சூன் திங்களில், தம் அறுபத்திரண்டாம் வயதில், ஈரல் புற்றுநோயால் போக்சன் சென்னையில் உயிர் நீத்தார். அதே ஆண்டு திசம்பரில் செருமனியின் மாக்சு உல்ஃப் ஒளிப்படத்தின் வழியே முதற் சிறுகோளைக் கண்டார். வரைபடத்தையும் கண்ணையும் கொண்டு வேட்டையாடிய காலம் முடியத் தொடங்கியது அவ்வாண்டில்தான்.

1895 இல் கொடைக்கானலில் புதிய ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1899 இல் வானியற் பணி நுங்கம்பாக்கத்திலிருந்து அங்கு மாறிற்று. சென்னையிலிருந்து இந்தியக் கோள்வேட்டை மறுபடி உயிர்பெற நெடுங்காலம் ஆயிற்று. வீராவைப் போக்சன் கண்டு நூற்று மூன்று ஆண்டு கழிந்து, 1988 பிப்ரவரி 17 அன்று, சவ்வாது மலைக் காவலூரில் இராஜமோகன் தலைமையில் இயங்கிய குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டனர். 4130 என்னும் எண்ணுடைய அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. போக்சனின் பெயரும் வானில் உண்டு. 1830 ஆம் எண் சிறுகோள் அவர் பெயரால் வழங்குகிறது. நிலவின் மறுபக்கத்துப் பள்ளம் ஒன்றும் அவர் பெயருடையது.

நம் சமயநல்லூரிலிருந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால் சோழவந்தான், வாடிப்பட்டி கடந்து கொடைக்கானல் ரோடு வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவரோடு அவ்வழியே மலையேறி ஆய்வகத்தைக் கண்டோம். ஆசியா கண்டறியப்பட்ட காலத்தில் சென்னையில் பணிசெய்த அந்த ஆறங்குலத் தொலைநோக்கி, 1898 இல் புதுக்கி அமைக்கப்பெற்று, 1904 முதல் அங்கே கதிரவனைப் படமெடுத்து வந்திருக்கிறது. மாணவர் அதனைச் சுற்றி நின்று வெகுநேரம் பார்த்தனர்.

ஐசிசு 1898 வரை சென்னையில் பணியாற்றி ஓய்வு பெற்றார். அரச வானியற் கழகம் 1916 இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1920 இல், தந்தையார் முன்மொழிந்து முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, அறுபத்தேழாம் வயதில் அவர் அதன் உறுப்பினரானார். 1945 இல் இங்கிலாந்தில் மறைந்தார்.